டர்ன்டேபிளில் காட்ரிஜ் பூட்டி நேராக்குவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு

கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து தந்த டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டு ஓட்டும் மெஷினை, முதல் நாள் ஓடவிட்டபோது, பாடுகிறவர் அரை நித்திரையில் பாடுவது மாதிரி இருந்தது. பெல்ட் இழுபட்டுப் போச்சு என்று நினைத்துப் புதுப் பெல்ட் வாங்கிக் காசைக் கரைத்தேன். பிழை அதில் இல்லை. அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். யாழ்ப்பாணத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸில் கை வைக்காது. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள பழைய மெஷின்கள் ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் சுற்றும் என்பதால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய இடத்தில் 28க்குக் கிட்டத்தான் வரும். அப்படியானால் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சில்லு) தேடவேண்டும். டிசி மோட்டாரோ குவார்ட்ஸ் கட்டுப்பாடோ உள்ளது என்றால் வோல்ட் பொருந்தினால் போதும். ஆகவே வெளிநாட்டுச் சாமான் என்றால் பிளக்கைச் செருகமுதல் பின்பக்க ஸ்டிக்கரை வாசியுங்கள்.

வேகம் சரி என்றால் அடுத்தது இடம். ஸ்பீக்கர் இருக்கிற மேசையில் வைக்கவேண்டாம், அதிர்வு ஊசிக்கு ஏறும். சுவரோடு கட்டிய சீமெந்துத் தட்டு இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேசன்மார் வைத்திருக்கிற ரசமட்டத்தைத் தட்டுச் சுற்றும் பரப்பில் நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள்.

இனி காட்ரிஜ், அதாவது ஊசியைத் தாங்கிக் கையின் நுனியில் நிற்கும் சின்னப் பெட்டி. கரண்டை நிறுத்தி, ஊசிக்கு மூடி போட்டபடியே வேலை செய்யுங்கள், கை தவறினால் ஊசிதான் முதலில் போகும். டர்ன்டேபிள் கையின் தலைப்பகுதியில் நாலு மெல்லிய வயர்கள் வரும்: வெள்ளை இடது, நீலம் இடது எர்த், சிவப்பு வலது, பச்சை வலது எர்த். காட்ரிஜின் பின்பக்கத்திலும் அதே நிறங்கள் இருக்கும். கிளிப்பைச் சிறு இடுக்கியால் பிடித்துத் தள்ளுங்கள், வயரில் பிடித்து இழுத்தால் அறும். இரண்டு திருகாணிகளையும் காட்ரிஜ் அசையக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

அடுத்து பாரம், அதாவது ஊசி இசைத்தட்டை அழுத்தும் அளவு. ஆன்டிஸ்கேட் (கை உள்பக்கம் இழுபடுவதைச் சமாளிக்கும் அமைப்பு) குமிழை 0இல் வைத்து, மூடியைக் கழற்றி, கையின் வாலிலுள்ள பாரத்தைத் திருகி, கை தராசுத் தண்டு போல நேராக அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பாரத்தை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0க்குத் திருப்பி, பிறகு இரண்டையும் சேர்த்துத் தேவையான கிராமுக்குத் திருப்புங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ காட்ரிஜ் என்றால் 2 கிராம், ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8. ‘இசைத்தட்டு தேயும்’ என்று பயந்து பாரத்தைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி இரண்டு சுவரையும் அடித்துக் கெடுக்கும், அதுதான் கூடுதல் சேதம். 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. ஆனால் தராசின் தட்டு இரும்பு என்றால் காட்ரிஜுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும்.

சரி, இப்போதுதான் உண்மையான வேலை. இசைத்தட்டு வெட்டும்போது வெட்டும் ஊசி வெளியிலிருந்து உள்ளே நேர்கோட்டில் போகும். எங்கள் ஊசியோ ஒரு பக்கம் பிணைத்த கையில் இருப்பதால் வளைந்து போகும். ஆகவே எல்லா இடத்திலும் நேராக நிற்கவே முடியாது, இரண்டே இடத்தில்தான் முடியும். அதிகம் பாவிக்கிற கணக்கில் அவை மையத்திலிருந்து 66, 121 மில்லிமீற்றர். இந்தப் புள்ளிகளும் கட்டங்களும் போட்ட புரோட்ராக்டர் கடுதாசியை இணையத்தில் எடுக்கலாம். பிரிண்ட் எடுக்கும் கடையில் ‘100 வீதம், பக்கத்துக்குப் பொருத்தவேண்டாம்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் எடுத்து, ஒரு பின்னேரம் முழுக்கப் பிழையான புள்ளிக்கு நேராக்கிக்கொண்டிருந்தேன்! கொண்டுவந்ததும் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள்.

கடுதாசியை நடு ஆணியில் செருகி, ஊசி நுனியைப் புள்ளியில் மெதுவாக வையுங்கள். நேர் முன்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். காட்ரிஜின் பக்கங்களும், முக்கியமாக ஊசி நிற்கிற அந்த மெல்லிய தண்டும், கட்டத்தின் கோடுகளோடு ஒன்றாக ஓடவேண்டும். இல்லையா, கையைத் தூக்கி, மயிரிழை அளவு திருப்பி, திரும்ப வையுங்கள். பிறகு மற்றப் புள்ளி. அங்கே கோணினால் காட்ரிஜை முன்னுக்கோ பின்னுக்கோ கொஞ்சம் தள்ளி, முதல் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். எனக்கு முதன்முறை ஒன்றரை மணித்தியாலம் போனது. இரண்டிலும் சரி வந்ததும் திருகாணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றை முழுதாக இறுக்கினால் காட்ரிஜ் திரும்பிவிடும். இறுக்கியபின் பாரத்தையும் இன்னொருமுறை பாருங்கள்.

தட்டில் ஊசி நிற்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் கை தட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். ஆன்டிஸ்கேட்டை பாரத்தின் எண்ணுக்கே வைத்துத் தொடங்குங்கள். ம்ம்ம் என்று இரைந்தால் பின்னாலுள்ள எர்த் வயரை போனோ ஆம்ப்பில் (டர்ன்டேபிளின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) பூட்ட மறந்திருப்பீர்கள்.

சோதிக்க, பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். உள்வட்டத்தில் ‘ஸ’வும் ‘ச’வும் கரகரக்காமல் வந்தால் வேலை சரி. கரகரத்தால் தட்டில் ஊத்தை இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுவுவதற்கு எங்கள் கிணற்றுத் தண்ணி மட்டும் வேண்டாம், காய்ந்ததும் பள்ளத்துக்குள் சுண்ணாம்பாய்ப் படியும். காய்ச்சி வடித்த தண்ணி எடுங்கள்.