மெய்வல்லுநர் மாணவிகள் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வது எப்படி? வன்னி மாணவிகளுக்கான செய்முறை விளக்கம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி மாகாண மட்டம் வரை ஓடியவளாகவோ எறிந்தவளாகவோ இருந்தால், எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அங்கே பின்னேரம் நான்கு மணிக்குத் தான் எங்கே நிற்பாள் என்பதையும் கேட்டறிய வேண்டும். எங்கள் பக்கத்து நல்ல ஓட்டக்காரிகள் சிலர் முதலாம் வருடத்திலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறையவில்லை. அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்கும்படி அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

படி 1: உங்கள் உண்மையான பெறுதியைக் கணக்கிடுங்கள்

சுண்ணாம்புக் கோடு போட்ட கிரவல் மைதானத்தில், கையால் அழுத்தும் கடிகாரத்தில் 100 மீற்றரை 12.8 செக்கனில் ஓடியிருந்தால், மின்னியல் நேரத்துடன் ஒப்பிடுவதற்கு அதனுடன் 0.24 செக்கனைக் கூட்டி 13.04 என்று எழுதிக்கொள்ளுங்கள். 200 மீற்றருக்கும் அதே 0.24; 400 மீற்றருக்கு 0.14. பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் வீசியிருந்தால், 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல் ஆகியவற்றின் பெறுதி சாதனைக் கணக்கில் சேராது.

எறிபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பெண்களின் குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம். வளர்ந்தோர் போட்டியில் குண்டு 4 கிலோ, ஈட்டி 600 கிராம். 100 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் தாண்ட வேண்டிய வேலியும் 76.2 சென்ரிமீற்றரிலிருந்து 83.8 சென்ரிமீற்றராக உயர்கிறது. ஆகவே பாடசாலைச் சான்றிதழில் உள்ள தூரத்தை நம்பிக் கனவு காணாமல், பெரிய குண்டை இப்போதே கையிலெடுத்துப் போட்டுப் பார்த்து அந்தத் தூரத்தைக் குறித்து வையுங்கள்.

படி 2: உள்ளே செல்லும் வழியை அறிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான பாடநெறிகளுக்கு, உயர்தரப் பெறுபேறுகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியின்படியே அனுமதி கிடைக்கிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய வன்னி மாவட்டங்கள் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். பரீட்சைக்கு முந்தைய 3 ஆண்டுகளில் நீங்கள் கற்ற பாடசாலையை வைத்தே உங்கள் மாவட்டம் தீர்மானிக்கப்படுவதால், நல்ல பயிற்றுநரைத் தேடி இடையில் வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாறுவதற்கு முன்னர் அதிபருடன் பேசித் தெளிவு பெறுங்கள்.

தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கென விசேட அனுமதி ஏற்பாடும் உண்டு. அதற்குரிய நிபந்தனைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அவ்வாண்டுக் கைநூலில் இருக்கும். உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டங்களுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் போன்றவை அந்தத் துறைக்கான தகுதியைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையைத் தனியாக வைக்கின்றன. எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி அந்த அறிவித்தலைப் பார்க்கத் தவறி, போதிய புள்ளி இருந்தும் ஒரு வருடத்தை இழந்தாள். வீட்டில் இணைய வசதி இல்லையென்றால், அறிவித்தல்களைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து வையுங்கள்.

படி 3: மைதானத்தையும் பயிற்றுநரையும் விசாரியுங்கள்

என் கருத்தில் மற்றெல்லாவற்றையும் விட இதுவே முக்கியமானது. "உங்களிடம் மெய்வல்லுநர் அணி இருக்கிறதா?" என்று கேட்டால் எங்கும் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஆகவே உங்கள் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஈட்டி எறிதலுக்கு யார் பயிற்சி தருகிறார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இப்போது எத்தனை பெண்கள் எறிகிறார்கள்? கோலூன்றிப் பாய்பவர் என்றால் கோல்களையும் விழும் மெத்தையையும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். தேசிய சாதனை படைத்த அனிதா ஜெகதீஸ்வரன் கற்ற தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து கோலூன்றிப் பாயும் பெண்கள் அடுத்தடுத்து வந்தார்கள் என்றால், அந்த ஒரு நிகழ்ச்சிக்கான பயிற்சி அங்கே நிலைத்திருந்தது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அடுத்து, நேரம். விஞ்ஞான, பொறியியல் மாணவிகளின் ஆய்வுகூட வகுப்புகள் பின்னேரம் வரை நீளலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. பிரதான வளாகமோ 60 கிலோமீற்றருக்கு அப்பால் திருநெல்வேலியில் இருக்கிறது. அணிப் பயிற்சி எங்கே நடக்கும், போக்குவரத்தை யார் ஒழுங்கு செய்வார்கள் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில், நகருக்கு வெளியே இருக்கிறது; பயிற்சி முடிந்து இருட்டிய பின் விடுதிக்கு எப்படித் திரும்புவது என்பதை அங்கு படிக்கும் அக்காமாரிடம் விசாரியுங்கள். விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், பிந்தி வரும் வீராங்கனைக்கு இரவுச் சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்பனவும் சிறிய விடயங்கள் அல்ல. பசியோடு படுக்கும் பிள்ளையால் மறுநாள் ஓட முடியாது.

படி 4: உடல்நலம் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்

பயிற்சியின் கடுமைக்கு ஏற்றவாறு சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவதும், எலும்பில் மெல்லிய வெடிப்பு ஏற்படுவதும், இரும்புச்சத்துக் குறைந்து களைப்பு வருவதும் நடக்கக் கூடியவை. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்; "கடும் பயிற்சி என்றால் அப்படித்தான்" என்று சொல்பவரின் பேச்சை ஏற்க வேண்டாம். மாணவிகள் கூச்சமின்றிப் பேசக்கூடிய பெண் பயிற்றுநரோ பெண் பொறுப்பாளரோ அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

படி 5: வெளிநாடு என்றால்

சென்னையில் 1920இல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுப் புலமைப்பரிசில் தரலாம்; மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. புலமைப்பரிசில் பெரும்பாலும் செலவின் ஒரு பகுதிக்கே கிடைக்கும் என்பதால், மீதிப் பணத்துக்கு வழி தெரியாமல் காணியை ஈடு வைக்க வேண்டாம். பயிற்றுநர்களுக்கு மின்னஞ்சலும் ஓடிய காணொளியும் நீங்களே அனுப்பலாம். அதற்குத் தரகர் தேவையில்லை.

படி 6: நேரில் போய்ப் பாருங்கள்

பட்டியலில் இரண்டு அல்லது மூன்று இடங்கள் எஞ்சியதும், ஒரு வேலை நாளில் அம்மாவையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு பின்னேரம் மூன்றரைக்கு மைதானத்துக்குப் போய் ஆறு மணி வரை இருங்கள். எத்தனை பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்கள், பாயும் குழி மணல் கிளறப்பட்டிருக்கிறதா அல்லது புல் முளைத்துக் கிடக்கிறதா, உடை மாற்றுவதற்குப் பூட்டக்கூடிய அறை இருக்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தில் விருப்பத் தெரிவுகளை வரிசைப்படுத்தும் நாளில் அந்தக் கொப்பி மேசையில் திறந்திருக்கட்டும்.