கிராம சபைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு இயங்கும் விதத்தை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நேரில் காண்பதற்குத் தலைமைச் செயலகம் வரை செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. சமூக அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் மாணவர்களை இக்கூட்டங்களுக்கு அழைத்துச் சென்றபோது நான் செய்த தவறுகளையும், பிறர் செய்யக் கண்டவற்றையும் எழுதுகிறேன்.

மிகப் பெரிய தவறு வருகைப் பதிவேட்டில் நிகழ்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். 18 வயது நிரம்பாத மாணவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, உள்ளது. கூட்டம் குறைவாக இருக்கும்போது பதிவேடு பிள்ளைகளின் கைக்கும் வந்துவிடுகிறது. முதல் முறை என் மாணவர்கள் இருவர் கையெழுத்திட்டதை நான் தாமதமாகவே கவனித்தேன். மக்களாட்சியை அறிய வந்த பிள்ளைகள் பொய்க் கணக்குக்குத் துணைபோனது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. புறப்படும் முன்பே இதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தீர்மானம் எழுதி வாசிக்கப்படுவதற்கு முன் தீர்மான நோட்டில் யாரும் கையெழுத்திடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்வது நல்லது.

அடுத்தது, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் செல்வது. பேருந்து வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை, ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று மாணவர்கள் கேள்விகளை எழுதி வருகிறார்கள். இவை முறையே போக்குவரத்துக் கழகம், வருவாய்த் துறை, உணவு வழங்கல் துறை ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளவை. இவற்றை அரசுக்குப் பரிந்துரைத்துத் தீர்மானம் போடலாமே தவிர, ஊராட்சியால் நேரடியாகத் தீர்க்க முடியாது. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், ஊராட்சிச் சாலை, வீட்டு வரி ஆகியவை ஊராட்சியின் கையில் இருப்பவை. இந்தப் பிரிவினை தெரியாத மாணவர், தலைவர் கைவிரிக்கும்போது அரசே பயனற்றது என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். ஆகவே முந்தைய நாள் வகுப்பில், கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பக்கம் சேரும் என்று அவர்களையே எழுத வைக்கிறேன்.

பெண் தலைவர் அமர்ந்திருக்க, அவருடைய கணவர் பதில் சொல்லும் இடங்கள் இன்னும் உள்ளன. தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது என்று பாடம் நடத்திவிட்டு, கூட்டத்தில் கணவரை நோக்கிக் கேள்வி கேட்க மாணவர்களை அனுமதித்தால், அவர்கள் மனத்தில் நிற்பது நாம் நடத்திய பாடமாக இருக்காது. "தலைவர் அம்மா, எங்கள் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள்?" என்று அவரைப் பார்த்தே கேட்கச் சொல்ல வேண்டும், அவர் பதில் சொல்லத் தயங்கினாலும் காத்திருக்கப் பழக்க வேண்டும்.

நாள் தேர்விலும் கவனம் தேவை. மார்ச் 22 தேர்வுக் காலத்தில் வருகிறது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்து பிள்ளைகள் களைத்திருப்பார்கள். எனக்கு அக்டோபர் 2 வசதியாக இருந்திருக்கிறது. வகுப்பு முழுவதையும் அழைத்துச் செல்வதை விட எட்டுப் பத்துப் பேர் போதும்.

பள்ளிக்குள் நடக்கும் மாதிரி நாடாளுமன்றத்தைப் பேச்சுப் போட்டியாக்கிவிடுவதும், வகுப்புத் தலைவர் என்றால் பேசுவோரின் பெயரைப் பலகையில் எழுதுபவர் என்று வைத்திருப்பதும் இதே வகைப் பிழைகள்தாம். தலைமை என்பது உரத்த குரல் என்றே மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் பொருளை மறந்துவிடுவதே கடைசித் தவறு. ஒரே ஒரு தீர்மானத்தைத் தேர்ந்து அதன் பின்னால் செல்ல வேண்டும். என் மாணவிகள் மூவர், பள்ளிக்கு அருகே உடைந்து கிடந்த கால்வாய் குறித்த தீர்மானத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து ஊராட்சிச் செயலரிடம் சென்று கேட்டார்கள். செலவு மதிப்பீடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருப்பதாக அவர் சொன்னார். ஒன்றிய அலுவலகத்தில் அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்கள் அடுத்துக் கேட்க, அவர் உதவிப் பொறியாளரின் பெயரை அவர்களுடைய நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.