பாய்ப்படகில் ஒரு பகல் கரையோரப் பயணம்: சேரும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

கரையை ஒட்டி ஒரு பகல் முழுக்கப் பாய்ப்படகில் போகத் திட்டம் போடும்போது பலரும் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். முதலில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பழக்கமில்லாத துறைமுக வாயிலில் இருட்டில் நுழைவது ஆபத்து. மிதவை விளக்கு எது, ஊருக்குள் எரிகிற விளக்கு எது என்று பிரித்தறிவதே பெரும்பாடு. சூரியன் மறைய 2 மணி நேரமாவது இருக்கும்போது வாயிலை எட்டுகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டு வாருங்கள்.

30 அடிப் படகுக்குச் சராசரி 5 நாட் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது மணிக்கு 5 கடல் மைல், கிலோமீட்டரில் 9 சொச்சம். அப்படியானால் 30 கடல் மைலுக்கு 6 மணி நேரம். ஆனால் காற்று நேர் எதிரே வீசினால் பாய்ப்படகு நேராகப் போகாது, 45 டிகிரி இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம் என்று மாறி மாறித்தான் முன்னேற வேண்டும், அதனால் அதே 30 மைல் 42 மைலாகி எட்டரை மணி நேரம் பிடிக்கும். அதோடு நீரோட்டமும் 1 நாட் எதிர்த்தால் 12 மணி நேரத்தை நெருங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் கிளம்பாதீர்கள். மற்ற நாட்களிலும், நடுவழியில் ஒதுங்க ஒன்றிரண்டு துறைமுகங்களை வரைபடத்தில் குறித்து, 12 மணிக்குள் இந்த முனையைத் தாண்டாவிட்டால் அங்கே போய்விடுவோம் என்று கரையில் இருக்கும்போதே முடிவெடுத்துவிடுங்கள். களைத்துப்போன பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

காலையில் எஞ்சின் ஆயில், பெல்ட், கடல்நீர் வடிகட்டி மூன்றையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, புகைக்குழாயிலிருந்து தண்ணீர் விட்டு விட்டுத் துப்புகிறதா என்று கவனியுங்கள். வெறும் புகை மட்டும் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். குளிர்விக்கும் நீர் ஓடவில்லை. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பலன் குறைவு.

கடலில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பாயைச் சுருக்கலாமா என்று மனதில் தோன்றிய உடனே சுருக்கிவிடுங்கள். காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 14 ஆனால் பாயின் மேல் விழுகிற விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு, 20 ஆனால் நான்கு மடங்கு. காற்று பின்னாலிருந்து வரும்போது இது தெரியவே தெரியாது. 18 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் அதன் போக்கிலேயே போனால் முகத்தில் படுவது 12 நாட்தான், படகு சாயாது, எல்லோரும் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ காரணத்துக்காகக் காற்றை நோக்கித் திருப்பினால் அது ஒரே நிமிடத்தில் 20-ஐத் தாண்டிவிடும், படகு சரியும், சுக்கான் கையை மீறி இழுக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுப்பது வழக்கம் என்பதால் மதியத்துக்கு முன்பே ஒரு சுற்று சுருக்கி வைப்பது நல்லது.

ஜி.பி.எஸ். இருந்தாலும் மணிக்கொரு தடவை காகித வரைபடத்தில் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தாலே பின்தங்குகிறோமா என்பது தெரிந்துவிடும். படகின் வி.எச்.எஃப். ரேடியோ, ஆபத்து அழைப்புக்கான 16-ஆவது சேனலில் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் எப்போதும் உடம்பில்தான் இருக்க வேண்டும்.

வாயிலை நெருங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடல்மட்டம் இறங்கும் நேரத்தில் உள்ளிருந்து வற்று நீர் வெளியே ஓட, கடலிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் அந்த இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். ஓட்டம் தணியும்வரை வெளியிலேயே காத்திருங்கள். பாய்களை அகலமான கடலிலேயே இறக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, நங்கூரத்தை உடனே போடத் தயாராக வைத்துக்கொண்டு நுழையுங்கள். குறுகிய வாயிலில் எஞ்சின் நின்றுவிட்டால் கைகொடுப்பது அந்த நங்கூரம்தான்.

துறைமுகத்தில் படகைக் கட்டி முடித்ததும், பயணத் திட்டத்தை யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்களோ அவருக்குப் போன் செய்யுங்கள். மறந்தால் இரவில் உங்களைத் தேடி மீட்புப் படகு கிளம்பிவிடும்.