‘ஒரு புகார்கூட இல்லை’ என்றால் நம்பலாமா? கல்லூரிகளை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கல்லூரி பாலியல் வன்முறையை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “இந்த வருஷம் எத்தனை புகார்?” என்றுதான். “ஒன்றுமில்லை” என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் வருடக்கணக்கில் புகாரே வரவில்லை என்றால், யாரிடம் சொல்வதென்று மாணவிகளுக்குத் தெரியவில்லையா, வீட்டுக்கு போன் போகும் என்று பயப்படுகிறார்களா, இன்டர்னல் மார்க்கில் கைவைப்பார்கள் என்று நினைக்கிறார்களா என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். புகார் வரத் தொடங்கியிருக்கும் கல்லூரியை மோசமானது என்று எழுதிவிடவும் கூடாது.

அடுத்தது, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழுவுக்காக அடுக்கிவைத்த கோப்பைப் பார்த்துத் திருப்தியடைவது. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகளின்படி மூத்த பெண் ஆசிரியர்தான் தலைவர். பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் உட்கார வேண்டும். பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றோர் உறுப்பினராகவே இருக்கக்கூடாது. அந்த மாணவர்களை யார் தேர்ந்தெடுத்தது, வெளி உறுப்பினர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேமராவை எண்ணுவதும் அப்படித்தான். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வெளியாள் ஒருவன் மாணவியிடம் பாலியல் வன்கொடுமை செய்தபோது, பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் கேமராவையும் காவலாளிகளையுமே சுற்றியது. அவை தேவைதான். ஆனால் ஆய்வகத்தில் தொல்லை தரும் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரை எந்தக் கேமராவும் தடுக்காது. அதே வழக்கில் மாணவியின் அடையாளத்தோடு எஃப்ஐஆர் கசிந்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால், கல்லூரியில் புகார்க் கடிதம் எத்தனை மேசைகளைத் தாண்டிப் போகிறது என்பதையும் பாருங்கள்.

வேகத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி; அவசரமாக முடிப்பது வேறு. கோவா பல்கலைக்கழகத்தில் 2009-இல் நடந்த விசாரணை, குற்றம்சாட்டப்பட்டவருக்குப் போதிய வாய்ப்புத் தராமல் அவசரப்பட்டது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மறுபடி விசாரிக்க அனுப்பியது. பதினான்கு வருடம் கழித்து மறுபடி விசாரணை என்றால், புகார் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் அது!

ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் மறந்துவிடுவது இன்னொன்று. விதிமுறைகள் அவர்களையும் குறிப்பிடுகின்றன.

கடைசியாக, தீர்ப்பை மட்டும் பார்த்துவிட்டு இடைக்காலத்தை விட்டுவிடுவது. குற்றம்சாட்டப்பட்டவர் புகார் கொடுத்தவரின் தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாதபடி தடுக்கவும், புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம்வரை விடுப்பு தரவும் விதிமுறையில் இடமிருக்கிறது. பழைய வழக்கு ஒன்றை எடுத்து, விசாரணை நடந்த அந்த மாதங்களில் புகார் கொடுத்தவருடைய விடைத்தாளைத் திருத்தியது யார் என்று கேளுங்கள்.