வெளியே தையல் இல்லை, உள்ளே காயம் உண்டு: புராஸ்டேட் ஆபரேஷனில் நான் செய்த, பார்த்த தவறுகள்

ஆபரேஷன் முடிந்து 12-ஆம் நாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் தெளிந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். திரும்பும்போது காலடியில் 10 கிலோ அரிசி மூட்டை, வழியெல்லாம் வேகத்தடை. அன்று இரவு சிறுநீர் பீட்ரூட் சாறு மாதிரிப் போனது. கட்டி கட்டியாக ரத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டும் வரவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி சிறுநீர் டியூப், இரண்டு நாள்.

எனக்குச் செய்தது டி.யூ.ஆர்.பி. வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். முதுகில் ஊசி, ஒரு மணி நேரம் போல வேலை. உடம்பில் ஒரு தையல்கூடக் கிடையாது. ஏமாற்றுவதே இதுதான். முட்டி சிராய்த்தால் பொருக்குத் தட்டி, பிறகு உதிர்கிறது இல்லையா, அதேதான் உள்ளேயும் நடக்கிறது. இரண்டாவது வாரம் போலப் பொருக்கு உதிரும். அப்போது லேசாகச் சிவந்து போவது சகஜம், தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். அந்த நேரம் பார்த்து மூட்டை தூக்கினால் என் கதிதான். எடை தூக்குவது, இருசக்கர வண்டி, தாம்பத்தியம் எல்லாவற்றுக்கும் நான்கு முதல் ஆறு வாரம் விடுமுறை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையலே இல்லையே, எனக்கு எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டேன்.

மூட்டையைவிட மலச்சிக்கல் மோசம். முக்கினால் அழுத்தம் நேரே அந்தக் காயத்தில் விழும். கீரை, வாழைப்பழம் போதாதென்றால் இசப்கோலோ வேறு மருந்தோ டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று உட்கார வேண்டாம்.

என் தவறுகள் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிட்டன. இரவில் ஐந்து முறை எழுந்ததை ‘வயசாச்சு, சர்க்கரை வேறு’ என்று ஒதுக்கினேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் நானே மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்றிரவே சிறுநீர் அடைத்துக்கொண்டது. சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் மருந்து, புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடியோடு நிறுத்திவிடக்கூடும். கடைக்காரரிடம் ‘எனக்குப் புராஸ்டேட் இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூச்சம்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போடுகிறவர்கள் இரண்டு வகையில் தவறுகிறார்கள். சிலர் அதைச் சொல்வதே இல்லை. சிலர் தாங்களாகவே பத்து நாள் முன்பு நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டாவது, முதலாவதைவிட ஆபத்தாகலாம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

வார்டில் படுத்திருக்கும்போது டியூப் வழியாகச் சலைன் உள்ளே போய், இளஞ்சிவப்பாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அப்போது அவசரமாக ஒன்றுக்கு வருவது போலவே இருக்கும். டியூப்தான் வெளியேற்றுகிறதே, பிறகு ஏன்? சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதால் வரும் உணர்வு அது. நான் முக்கினேன். வலி கூடியதுதான் மிச்சம். நர்ஸிடம் சொன்னால் அதற்கு மருந்து உண்டு. ஆனால் அடிவயிறு உப்பி வலித்து, பையில் எதுவும் இறங்கவில்லை என்றால் ரத்தக்கட்டி டியூபை அடைத்திருக்கலாம், உடனே கூப்பிட வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த மச்சான், அக்கறையாக யூரின் பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். அந்தப் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது.

டியூபை எடுத்த பிறகு எரிச்சல், அவசரம், சில சொட்டு கசிவு எல்லாம் வரும். கசிகிறதே என்று நான் தண்ணீரைக் குறைத்தேன். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடியது. இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கலாம். குறைக்க வேண்டியது காபியை. வாயுவை அடக்கும்போது இறுக்குகிற தசையை ஐந்து நொடி இறுக்கி விடுங்கள், 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. கசிவு நிற்க உதவும். டியூப் இருக்கும்போது மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்து, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராது. பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய், சிறுநீரோடு வெளியேறிவிடும். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. இது தெரியாமல், நரம்புத் தளர்ச்சி என்று பயந்து லாட்ஜில் அறை போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் 4,000 ரூபாய்க்கு லேகியம் வாங்கினார் என் நண்பர் ஒருவர். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் இதைப் பேசிவிட வேண்டும்.

எடுத்த சதையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்காமலே பலர் இருந்துவிடுகிறார்கள். புராஸ்டேட்டையே எடுத்தாச்சு, இனிப் புற்றுநோய் வராது என்ற நினைப்பு வேறு. ஆரஞ்சுப் பழத்தில் சுளையைச் சுரண்டிவிட்டுத் தோலை விடுவது போலத்தான் இந்த ஆபரேஷன். மிச்சமிருக்கும் பகுதியில் புற்றுநோய் வரலாம். அதற்கான பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை வேண்டுமா, எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். சில மாதம் கழித்துச் சிறுநீர் மறுபடி நூலாக இழைந்தால் அதையும் சொல்லுங்கள். பாதையில் தழும்பு சுருங்கி அடைத்திருக்கலாம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் வராமல் நிற்பது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். நான் அந்த 12-ஆம் நாள், ஆட்டோ கிடைக்காது, விடியட்டும் என்று நான்கு மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டியூப் போட்டதும் 800 மில்லி வந்தது.