காணிக்கை கொடுக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

எங்கள் சபையில் நான் பொருளாளராகக் கணக்கு எழுத ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் புதிதாக வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் முடிந்து தனிக்குடும்பமாகப் பெயர் பதிந்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர், சபைக்கு மாதாமாதம் கொடுக்கிற சந்தா நோட்டில் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் பக்கத்தைப் புரட்டினால் இருபது வருஷத்துக்கு முந்தைய என் பக்கத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. கிழிந்த நோட்டைக் காணிக்கைப் பையில் போடாதே, பையைப் பிடித்து வைத்துக்கொண்டு சில்லறை தேடாதே என்பதையெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்வது தென்னிந்தியத் திருச்சபை, அதிலும் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். மற்ற சபைகளில் பெயர்கள் மாறும்.

பண்டிகைக்குப் பண்டிகை கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005ல் என் மாதச் சந்தா 100 ரூபாய். வேலைக்குச் சேர்ந்த உற்சாகத்தில் நானே எழுதிக்கொடுத்த தொகை. முதல் மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினேன். அப்புறம் பைக் தவணை வந்தது, நண்பர்கள் கல்யாணங்கள் வந்தன, மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுப்போம் என்றாயிற்று. மிஞ்சவே இல்லை. பதினான்கு மாதம் பாக்கி. மறு வருஷம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிறபோது ஒரு ஏத்தன் வாழைத்தார் வந்தது. கடைத்தெருவில் 150 ரூபாய் பெறாது. எதிரில் என் சித்தப்பா மகன் விடாமல் கேட்க, நானும் விடாமல் கேட்க, கடைசியில் 2,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஒரே கைதட்டல். பாக்கியெல்லாம் சேர்த்தாலே 1,400தான், அதற்கு மேலேயே கொடுத்துவிட்டோம் என்று தாரைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவனை அப்போதைய பொருளாளர் அண்ணாச்சி வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"தம்பி, தார் நல்ல தார்தான். ஆனா இந்தக் காசு பண்டிகைக் கணக்குல போயிரும். போன கார்த்திகையில உபதேசியார் சம்பளத்துக்கு நான் என் கைக்காசைப் போட்டேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சபைக்கு மாதாமாதம் செலவு இருக்கிறது என்பதையே நான் யோசித்ததில்லை. போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரின் சம்பளம், கோவில் பெருக்குகிற அம்மாவின் சம்பளம், கரண்டு பில், திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) கட்ட வேண்டிய பங்கு, எதுவும் அசனத்துக்கும் (சபை விருந்து) அறுப்பின் பண்டிகைக்கும் காத்திருக்காது. பெயர் எழுதி ஃபேன் வாங்கி மாட்ட ஆள் இருக்கிறது. எங்கள் கோவிலில் தூணுக்குத் தூண் ஃபேன். அது ஓடுகிற கரண்டுக்குப் பணம் கட்ட யாரும் பெயர் எழுதிக் கேட்டதில்லை.

இப்போது நான் அண்ணாச்சி இடத்தில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பையன், அவன் கல்யாண ஓலையை (திருமண அறிவிப்பு) கோவிலில் வாசிக்கிற ஞாயிற்றுக்கு முந்தைய நாள் சாயங்காலம் வந்தான். 22 மாதப் பாக்கி, மாதம் 500. பதினோராயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சுதுல்லா மாமா?" என்றான். கணக்குப்படி முடிந்தது, ரசீதும் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த 22 மாதத்தில் ஐந்து தடவை உபதேசியாருக்குச் சம்பளத்தைப் பாதி பாதியாகக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று ஜூன் மாதம், அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். இவன் ஒருவன் மட்டும் காரணமில்லை, இவனைப் போல நாற்பது குடும்பம் ஓலைக்கும் சபைத் தேர்தலுக்கும் மட்டும் பாக்கி தீர்க்கிறது. எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதைப் பாருங்கள் (1 கொரிந்தியர் 16:2). எருசலேம் சபைக்கு உதவிப்பணம் சேர்க்கிற விஷயம். வாரத்தின் முதல் நாள்தோறும் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் நடக்கக் கூடாது என்கிறார். நாம் செய்வது நேர் எதிர், ஐயர் (போதகர்) வந்து கேட்ட பிறகுதான் சட்டைப்பையைத் தடவுகிறோம்.

என் ஆச்சி பிடி அரிசி எடுத்து வைப்பாள். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள், கலயம் நிறைந்தால் கோவிலுக்குப் போகும். சோறு பொங்கி எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினால் பார்ப்போம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மிசோரத்துச் சபைப் பெண்கள் இதையே 'பூஃபாய் தாம்' என்று 1910லிருந்து செய்கிறார்கள், அந்தச் சபையின் ஊழியங்களுக்கு அது பெரிய வருமானம்.

ஆகவே சம்பளம் ஏறுகிற அன்றே எடுத்துவிடுங்கள். வங்கியில் சொல்லிவைத்தால் அதுவே மாதாமாதம் போய்விடும். எழுதிக்கொடுத்த தொகை கஷ்டமாக இருந்தால் வந்து குறைத்துக்கொள்ளுங்கள். 500ஐ 150 ஆக்கினால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, 150 வரும் என்று தெரிந்தால் நான் அதற்கேற்ற மாதிரி செலவை எழுதிக்கொள்வேன். 500 என்று எழுதிவிட்டு வராமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

மொத்தச் சம்பளத்தில் தசமபாகமா, கைக்கு வருவதிலா?

தசமபாகம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அதை எதில் கணக்கிடுவது என்று மூன்று வருஷமாக விவாதிக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். இன்னும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை.

வருமான வரியில் கழிக்கலாம் என்று நம்புவது

மார்ச் மாதம் வந்தால் ரசீது கேட்டு வருவார்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கென்றே நடக்கிற அமைப்புக்கு 80ஜி (நன்கொடைக்கு வரிக்கழிவு தருகிற பிரிவு) கிடையாது, அதனால் சந்தா, தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை எதுவும் அதில் வராது. அரசு தனியாக அறிவித்த சில புகழ்பெற்ற ஆலயங்களின் புதுப்பிப்பு நிதிக்கு மட்டும் விலக்கு உண்டு. சபையைச் சேர்ந்த ஆஸ்பத்திரியோ பிள்ளைகள் இல்லமோ தனி அறக்கட்டளையாக 80ஜி அனுமதி வைத்திருந்தால் அது வேறு கணக்கு. அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் பணத்தை நேராக வாங்குவது

துபாயில் வேலை செய்கிற, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தான் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ அனுமதியோ இல்லாத சபை அதைத் தொடவே கூடாது. "எல்லாம் நம்ம ஊர் ஆள்தானே" என்பது சட்டத்துக்குத் தெரியாது.

வட்டிக்கு வாங்கிக் கொடுப்பது

வேண்டாம். பொருத்தனையாக (கடவுளுக்கு நேர்ந்துகொண்டது) இருந்தாலும் வேண்டாம்.

ஆயிரம் போட்டால் பத்தாயிரம் வரும் என்று கணக்குப் போடுவது

அதற்குச் சீட்டுக் கம்பெனி இருக்கிறது.

எதற்கென்று எழுதாமல் ஜிபேயில் அனுப்புவது

சந்தாவா, பிறந்தநாள் காணிக்கையா, மிஷனெரி நிதியா? எழுதாவிட்டால் நான் எந்தப் பக்கத்தில் ஏற்ற? எங்கள் ஊரில் ஒரே பெயரில் ஆறு பேர் இருக்கிறார்கள், இனிஷியல் உட்பட. ஈஸ்டருக்கு மறுநாள் அப்படி ஒரு பெயரில் 1,000 ரூபாய் வந்தது, குறிப்பில் ஒரு பூப்படம் மட்டும். ஆறு பேரையும் கேட்டுவிட்டேன், ஆறு பேரும் தான் இல்லை என்கிறார்கள். இன்னும் அனாமத்துக் கணக்கில்தான் கிடக்கிறது.