ஊர்ப் பிள்ளைகளுக்குக் காக்கி வேலையைக் காட்டுவது எப்படி?

வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளிடம் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், போலீஸ் அல்லது மிலிட்டரி என்ற பதில் எப்படியும் வந்துவிடும். வராமல் என்ன செய்யும்? கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி, தொரப்பாடியில் மத்திய சிறை, சேவூரில் சிறப்புக் காவல் படையின் 15ஆம் அணி. ஆனால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் சினிமாவில் பார்த்ததையும் ரீல்ஸில் பார்த்ததையும்தான் சொல்வார்கள். அதனால் பள்ளி ஆசிரியரோ, பள்ளி மேலாண்மைக் குழுவோ, ஊர் இளைஞர் மன்றமோ நான்கைந்து சனிக்கிழமைகளில் நடத்தக்கூடிய ஒரு அறிமுக நிகழ்ச்சியை எப்படிச் செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். ஓட்டப் பயிற்சியும் பொது அறிவுக் கேள்வியும் இதில் கடைசிதான். முதலில் வேலையைக் காட்ட வேண்டும். முடிவில் சில பிள்ளைகள் "எனக்கு இது வேண்டாம் சார்" என்று சொன்னால் நிகழ்ச்சி நன்றாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளியில் மாணவர் காவல் படை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேரளாவில் 2010இல் ஆரம்பித்த திட்டம் அது, 2018 ஜூலையில் நாடு முழுவதற்கும் விரிவாக்கினார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சாலைப் பாதுகாப்பு, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு, பேரிடர், ஊழல் எதிர்ப்பு என்று பாடம் இருக்கும். அதை நடத்துகிற ஆசிரியரைப் பிடித்தால் ஸ்டேஷனில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும். படை இல்லாத பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், நகலை உள்ளூர் இன்ஸ்பெக்டரிடம் நேரில் கொடுங்கள். கடிதத்தில் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, கூட வருகிற ஆசிரியர்கள் யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று தெளிவாக இருக்கட்டும். 'விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்று பொதுவாக எழுதினால் யாராவது வந்து மைக்கில் அரை மணி நேரம் பேசிவிட்டு சால்வை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தேதி குறிப்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பொங்கலிலிருந்து மார்ச் வரை இந்தப் பக்கம் எருது விடும் விழா, ஸ்டேஷனில் இருக்கிறவர்கள் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். வைகாசி பிறந்தால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பிறகு விநாயகர் சதுர்த்தி ஊர்வலம், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை டூட்டி. நடுவில் தேர்தல் வந்தால் பேச்சே இல்லை. பள்ளி திறந்து புத்தகம் எல்லாம் கொடுத்து முடித்த ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம்தான் ஓரளவு தோதானது. அப்படியும் வருகிறேன் என்ற எஸ்.ஐ. கடைசி நிமிடத்தில் வராமல் போகலாம், கோபப்படாதீர்கள். ஏன் வரவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னாலே அந்த வேலையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

ஆள் சேர்க்கும்போது உயரமான பையன்களை மட்டும் பொறுக்காதீர்கள். பெண் பிள்ளைகள் பாதி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1973இல்தான் பெண் போலீஸ் வந்தார்கள், மொத்தமே 22 பேர். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். இன்றைக்கு மகளிர் ஸ்டேஷனில் இருக்கிற ஒரு ஏட்டம்மாவை அழைத்துவந்து பேச வைத்தால், வீட்டில் அனுப்புவார்களா என்று தயங்குகிற பெண் பிள்ளைகளின் அம்மாக்களையும் சேர்த்து உட்கார வைக்கலாம். அம்மாக்கள் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும்: நைட் டூட்டி என்றால் எப்படி வீட்டுக்கு வருவாய், குழந்தையை யார் பார்ப்பது, டிரான்ஸ்பர் எங்கே போடுவார்கள். அதற்கு அந்த ஏட்டம்மா சொல்கிற பதிலை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் படிக்க முடியாது.

ஸ்டேஷனுக்குப் போகிற நாள்தான் முக்கியமானது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதினைந்து இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டிப் போகாதீர்கள். போன் எல்லாம் பள்ளியிலேயே இருக்கட்டும். லாக்கப் பக்கம் போகக்கூடாது, அங்கே யாராவது இருந்தால் அவர்களை வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது, புகார் கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் போகும்வரை வெளியே நிற்க வேண்டும். துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள், வேண்டாம். பாராவில், அதாவது வாசல் காவலில் நிற்கிறவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், காலையில் ரோல்கால், அதாவது ஆள் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது, பீட் எனப்படும் ரோந்து போகிறவர் கையெழுத்துப் போடுகிற நோட்டு எங்கே இருக்கிறது, இதையெல்லாம் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற காவலரான ரைட்டரின் மேஜைக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் வேலையில் எவ்வளவு எழுத்து வேலை என்று பிள்ளைகள் வாய் பிளப்பது அங்கேதான்.

ரைட்டர் ஒத்துக்கொண்டால் ஒரு பயிற்சி வைக்கலாம், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பள்ளி வாசலில் நிறுத்திய சைக்கிள் காணாமல் போய்விட்டது என்று ஆளுக்கு ஒரு புகார் எழுதச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து, என்ன நிறம், என்ன கம்பெனி, எத்தனை மணிக்கு விட்டான், எத்தனை மணிக்குப் பார்த்தான் என்று எதுவுமே எழுதியிருக்க மாட்டார்கள். ரைட்டர் அதில் இரண்டைப் படித்து என்ன குறைகிறது என்று கேட்பார். அங்கேயே சி.எஸ்.ஆர். என்றால் புகார் வாங்கியதற்கான ரசீது, எப்.ஐ.ஆர். என்றால் வழக்கே பதிவாகிவிட்டது என்ற வித்தியாசத்தையும், 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் சட்டங்கள் போய்ப் புதியவை வந்திருப்பதையும் சொல்லிவிடலாம். போலீஸ் ஆகிறானோ இல்லையோ, ஒரு புகாரை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு உதவும்.

"சார், நீங்க அடிப்பீங்களா?" என்று ஒரு பையன் கேட்பான். கேட்கட்டும், அடக்காதீர்கள். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தது இந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். வருகிற அதிகாரியிடம் இப்படிக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பதில் சொல்ல விரும்பாதவர் என்றால் வேறு ஆளைக் கேளுங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு வழக்கறிஞரை அழைத்துவந்து கைதானவருக்கு என்ன உரிமை என்று சொல்ல வையுங்கள். இன்னொன்று, பிள்ளைகளை ஸ்டேஷன் வேலைக்குப் பயன்படுத்த யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளவே கூடாது. டிராபிக்கில் நிற்க வைப்பது, திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடிக்க வைப்பது, யார் சாராயம் விற்கிறார்கள் என்று கேட்பது எதுவும் வேண்டாம். 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்துடன் தொடங்கிய, பொதுமக்கள் போலீசுக்கு உதவுகிற பிரெண்ட்ஸ் ஆப் போலீஸ் அமைப்பில் இருந்தவர்கள் வயது வந்தவர்கள்தான், அதையே 2020இல் அரசு தடை செய்ய வேண்டி வந்தது.

அடுத்த வாரம் மற்ற சீருடைகள். காட்பாடி ஜங்ஷனில் நிற்கிற ஆர்.பி.எப். என்கிற ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசு, ரயில்வே போலீஸ் மாநில அரசு, இரண்டுக்கும் தேர்வே வேறு என்று பெரியவர்களுக்கே தெரியாது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் அணி, பக்கத்துத் தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எப். என்கிற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். வேலூரிலேயே சிறைத்துறை அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி இருக்கிறது, தென் மாநிலங்களிலிருந்து வந்து படிக்கிறார்கள். ஓட முடியாத, கண்ணாடி போட்ட, ஆனால் அறிவியலில் கெட்டியான பிள்ளைக்குத் தடய அறிவியலும் கைரேகைப் பிரிவும் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாவது தேர்ச்சி, 18 வயது. பொதுப்பிரிவுக்கு 26 வரை, பி.சி., எம்.பி.சி.க்கு 28 வரை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிற அந்த ஒரே தேர்வில்தான் சிறைக் காவலர், தீயணைப்பு வீரர் பணிகளும் வருகின்றன. உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி.க்கு 157. பதினைந்து வயதில் அளந்து பார்த்து அழ வேண்டாம், வளர இன்னும் காலம் இருக்கிறது. உயரம் கூட்டுகிற பவுடர் என்று விற்பதற்கு மட்டும் காசு கொடுத்துவிடாதீர்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். நேதாஜி மைதானத்திலோ பள்ளி மைதானத்திலோ ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும். ஆனால் விடியற்காலையில்தான், நம்ம ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் யாரையும் ஓட விடாதீர்கள்.

கடைசி வாரத்தில் பெற்றோரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டியது வழக்கு விஷயம். வேலைக்குத் தேர்வான பிறகு உங்கள் ஸ்டேஷனிலிருந்து நடத்தை விசாரணை வரும். திருவிழாச் சண்டையில் பத்துப் பேரோடு பதினோராவதாகப் பெயர் சேர்ந்தாலும், பிறகு சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும் சிக்கல்தான், அதை மறைத்தால் இன்னும் மோசம். 18 வயதுக்குள் நடந்ததற்கு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பொதுவாகப் பாதுகாப்பு கொடுக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வேலை வாங்கக் கோர்ட்டுக்கு அலைவது வேறு கதை. பைக் விஷயம் அப்பாக்களுக்கு: 18 நிரம்பாத பையன் வண்டி ஓட்டி, சட்டத்தை மீறியதாக வழக்கானால் வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் போடலாம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் போலீஸ் டிரைவர் ஆவது எப்படி?

"ஐந்து லட்சம் கொடுத்தால் வேலை" என்று வருகிற ஆளை வாசலோடு அனுப்புங்கள். காசு கட்டித் தனியார் பயிற்சி அகாடமியில் சேரவும் அவசரப்பட வேண்டாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கும். அதற்கு முன்னால் பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்த்துவிடுங்கள், என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களோடு அதற்கும் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. சான்றிதழில் இருக்கிற பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாவது மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று வாங்கிய அன்றைக்கே பாருங்கள், நாலு வருடம் கழித்துத் திருத்துவது பெரிய அலைச்சல்.